பெண் ஆயர் கூடாது என்று எல்லாச் சபையும் சொல்கிறதா?

ஊட்டி, குன்னூர் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "வேதம் தடுத்துவிட்டதால் எந்தச் சபையும் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் தருவதில்லை, சி.எஸ்.ஐ.யிலும் இல்லை." இது தவறு.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை பெண்களை ஆயராக, அதாவது சபைக் குருவாக, அபிஷேகம் செய்யத் தொடங்கியது 1976இல். 2013 செப்டம்பரில் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான். ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயமும் சி.எஸ்.ஐ.தான், அதற்கும் இதே விதிதான். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை; 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல் அதை மீண்டும் உறுதிப்படுத்தினார். ஃபார்வர்டு எழுதியவர் ஒரு சபையின் சட்டத்தை எல்லார் தலையிலும் கட்டிவிட்டார்.

சரி, வேதம்? 1 கொரிந்தியர் 14:34 பெண்கள் சபையில் பேசாமலிருக்கச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் பவுல் எழுதிய அதே நிருபம் (கடிதம்) மூன்று அதிகாரங்களுக்கு முன்னால், 11:5இல், பெண்கள் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. தலையை மூடுவதுதான் அங்கே பேச்சு, வாயை மூடுவது அல்ல! ரோமர் 16இன் தொடக்கத்தில், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொண்டு, அவளுக்குத் தேவையான உதவியைச் செய்யும்படி பவுல் கேட்கிறார்.

பெண் உபதேசம் பண்ணக் கூடாது என்று சொல்லும் 1 தீமோத்தேயு 2:12ஐ எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் சபைகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த வாதம் வேறு. "எந்தச் சபையிலும் இல்லை" என்பது மட்டும் பொய்.