கோலத்து மேலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள்

எங்கள் தெரு முக்கில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே போன மாதம் நகராட்சியில் இருந்து வந்து பெரிதாக ஒரு வண்ணக் கோலம் போட்டார்கள். 'இங்கு குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்' என்று பேனரும் கட்டினார்கள். எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் காலையில், கோலத்துத் தாமரை மேலேயே, முடிச்சுப் போட்ட ஒரு கவர். மறுநாள் ஐந்தாறு. இப்போது கோலம் எங்கே என்று தேட வேண்டும், பேனரும் கிழிந்து அந்தக் குப்பையிலேயே கிடக்கிறது.

"நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது, சிங்கப்பூரைப் பாருங்க" என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அப்புறம் யார்தான் போடுகிறார்கள் பார்ப்போம் என்று இரண்டு நாள் காலையில் எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலும் ஆறே கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் குப்பைக் கவர். குப்பை வாங்கும் பேட்டரி வண்டி தெருவுக்கு வருவது ஒன்பது மணிக்கு, சில நாள் பத்தரைக்கு. முன்பு இதே முக்கில் ஒரு தொட்டி இருந்தது. குப்பைத் தொட்டி இல்லாத நகரம் ஆக்குகிறோம் என்று அதை எடுத்துவிட்டார்கள். மாடும் நாயும் இழுத்துப் போட்டு நாறிய தொட்டிதான், எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவள் கவரை யாரிடம் கொடுப்பாள் என்று யோசிக்காமல் எடுத்தார்கள்.

வண்டி ஓட்டும் அக்காவிடம் கேட்டேன். "நாலு மணிக்கு எந்திரிச்சு மஸ்டர்ல, அதான் வருகைப் பதிவுல, கைநாட்டு வச்சிட்டுத்தான் தம்பி வர்றோம், இருக்கிற வண்டிக்கு எத்தனை தெருவுக்குத்தான் முதல்ல போறது?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதி இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை என்று எழுதியிருந்தார்கள். தள்ளுவண்டிக்காரர் தன் கடைக் குப்பைக்குத் தானே கூடை வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டி விழா நடத்தினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. எந்தக் காதுகுத்துக்கு யார் போய்ச் சொன்னார்கள்? விடிந்தால் எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் வாய்க்காலில் மிதக்கும், அடைமழையில் அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டால் ஜேசிபி வரும், அந்தச் செலவு ஊர்க் கணக்கில் போகும். விழா வைத்தவரை யாரும் கேட்பதில்லை.

அபராதத்தை நான் பெரிதாக நம்பவில்லை. ஐநூறோ ஐயாயிரமோ, விடிகாலை இருட்டில் பைக்கில் போகிறபோதே வீசிவிட்டுப் போகிறவனை யார் பிடிப்பது? பிடித்தாலும் தள்ளுவண்டிப் பாட்டிதான் மாட்டுவாள், மண்டபத்துக்காரர் மாட்டமாட்டார்.

அந்த முக்கில் என்ன கிடக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பால் கவர் அவ்வளவாக இருக்காது, வீடுகளில் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். அட்டைப்பெட்டி, இரும்பு, பேப்பர் எதுவும் இருக்காது, காயலான் கடைக்குப் போய்விடும். கிடப்பதெல்லாம் சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, மெல்லிசு கேரி பேக், அதாவது எந்தக் கடையும் எடைக்கு வாங்காத சரக்கு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கமே தொடங்கினார்கள். எங்கள் தெருப் பூக்கடையில் இன்றைக்கும் கேட்காமலே கவரில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள்.

நீலகிரியில் காட்டோரம் உடைந்து கிடந்த பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. குடித்தவன் வீசினாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்துக் காசு வாங்கிவிடுவார். அங்கே பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்தது, அப்புறம் வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். நமக்கு இது புதுசா என்ன? சின்ன வயதில் கோலி சோடாவைக் கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டுத்தானே வந்தோம். சாஷே விற்கிற கம்பெனிக்கும் தன் உறையைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு பிளாஸ்டிக் விதிகளில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு எங்கள் தெரு முக்கு வரைக்கும் ஏன் வரவில்லை என்று கேட்காமல், பஸ்ஸுக்கு ஓடுகிறவளை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். ஒன்று, காலை ஆறு மணிக்கு அந்த முக்கில் ஒரு வண்டி கால் மணி நேரம் நிற்க வேண்டும். இல்லையென்றால் மூடி போட்ட தொட்டியைத் திருப்பி வையுங்கள். இரண்டு, மண்டபங்களிடம் விழாவுக்கு முன்பே முன்பணம் வாங்கி, மறுநாள் இடத்தைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். போன முறை கூட்டத்துக்குப் பதினொரு பேர்தான் வந்திருந்தோம், அதில் நாலு பேர் கவுன்சிலர் வீட்டு ஆட்கள். எங்கள் வார்டுக்காரர்கள் இதைப் படித்தால் லைக் போடுவதோடு விட்டுவிடாமல் நேரில் வந்து உட்காருங்கள்.