கை சுடுகிறது, திரையோ 16.8 என்கிறது

விசாக தின விடுமுறைக்கு முந்திய நாள் பிற்பகல், மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு, என் லினக்ஸ் கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் அணைந்துபோனது. அந்த வாரத்தில் அது நான்காவது முறை. என் தந்தையார் கோயிலில் பாடிய தேவாரப் பதிவுகள் பழைய ஒலிநாடாக்களில் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, கோப்புகளாகச் சேமிக்கும் வேலை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இது நடந்தது. பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போனது. நாடாவை மறுபடியும் ஓட்டலாம்தான், ஆனால் நாற்பது வயதான நாடாவை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்துபோகிறது என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள்.

கணினி இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் காப்பறையில். 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிய வீடுகளில் கட்டப்படும் அந்தத் தடித்த கான்கிரீட் அறையைத்தான் நாம் எல்லாரும் பாம் ஷெல்ட்டர் என்று சொல்லி, அரிசி மூட்டையையும் பழைய பெட்டிகளையும் அடுக்கி வைக்கிறோம். அங்கே கணினியை வைத்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சரியில்லை என்றால் அதை எனக்குச் சொல்லத்தானே கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டில் இத்தனை வெப்ப உணரிகளைப் பதித்திருக்கிறார்கள்?

கணினியை மறுபடி இயக்கியதும் என் மனைவி அதன் பக்கத் தகட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, தோசைக்கல்லு மாதிரி சுடுது" என்றார். நான் அப்போது முனையத்தில், உணரிகளின் அளவீடுகளைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை அடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியில், ஒரு தசம இடம்வரை துல்லியமாக, 16.8 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் எவரும் இந்த எண்ணைக் கண்டு கொதிக்காமல் இருக்க முடியாது. இந்தத் தீவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான். 1989 பிப்ரவரி 14ஆம் நாள் பாய லேபாரில் பதிவானது அது. மிக அதிகமானது 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவிலும், 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவிலும் பதிவானது. அப்படிப்பட்ட ஊரில், மே மாதப் பிற்பகலில், காற்றோட்டமில்லாத அறையில், முழுவேகத்தில் ஓடும் கணினியின் உட்புறம் இந்த மண் ஒருபோதும் கண்டிராத குளிரில் இருப்பதாக ஒரு கருவி சொல்கிறது.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ், இயங்குதளத்துக்கு ஏசிபிஐ என்ற அட்டவணையின் வழியாக வெப்ப மண்டலங்களை அறிவிக்கிறது. அந்த முறையில் வெப்பநிலை செல்சியஸில் அல்ல, கெல்வினின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு தரப்படும். அட்டவணையைப் பிரித்து, மனிதர் படிக்கும் வடிவுக்கு மாற்றிப் பார்த்தபோது, வெப்பநிலையை அளந்து சொல்ல வேண்டிய இடத்தில் அளக்கும் வேலையே இல்லை. 2900 என்ற ஒரே எண் அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 2900 என்றால் 290 கெல்வின், அதிலிருந்து 273.2ஐக் கழித்தால் 16.8. கணினி உறைந்தாலும் எரிந்தாலும் பதில் 16.8தான். பக்கத்தில் அபாய வரம்பு 20.8 என்று இருந்தது. அதுவும் 294 கெல்வின் என்று எழுதி வைத்த எண்தான். இந்த அளவீடு உண்மையாக இருந்திருந்தால், அந்த வரம்பின்படி என் கணினி சிங்கப்பூரில் ஒரு நிமிடம்கூட இயங்கியிருக்கக் கூடாது.

இதைச் சிறிய அலட்சியம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. லினக்ஸின் மைய நிரலான கெர்னல் அந்த வெப்ப மண்டலத்தை நம்புகிறது. அங்கே அபாய வரம்பு தாண்டப்பட்டால், திறந்திருக்கும் கோப்புகளை எழுதி முடித்து ஒழுங்காகக் கணினியை அணைக்கும் ஏற்பாடு கெர்னலில் இருக்கிறது. பதிவேட்டில் காரணத்தையும் குறித்து வைக்கும். ஆனால் 16.8லேயே உறைந்து நிற்கும் எண் எந்த வரம்பையும் தாண்டாது. ஆகவே பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கப் பார்த்து, அதுவும் போதாமல் போனதும், வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரியும் இல்லாததற்கு அதுதான் காரணம். உணரி இல்லை என்று சொல்லியிருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன். பொய்யான எண்ணைக் கொடுத்து என்னையும் கெர்னலையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

சரி, பிராசசருக்கு உள்ளேயே இருப்பதைத் தவிர மற்ற உண்மையான உணரிகள் எங்கே? அவை மதர்போர்டில் உள்ள சூப்பர் ஐஓ என்ற சில்லில் இணைக்கப்பட்டிருக்கின்றன. விசிறிகளின் சுழற்சி, மின்னழுத்தம், போர்டின் பல இடங்களின் வெப்பம் எல்லாம் அந்தச் சில்லின் வழியாகத்தான் தெரியும். சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற கருவி அதைக் கண்டுபிடித்து, அந்தச் சில்லோடு பேசும் என்சிடி6775 என்ற கெர்னல் நிரலை, அதாவது டிரைவரை, ஏற்றச் சொன்னது. ஏற்றினேன். எந்தப் புதிய உணரியும் வரவில்லை. கெர்னல் பதிவைப் பார்த்தால், அந்தச் சில்லின் முகவரிகளை ஏசிபிஐ ஏற்கெனவே தனக்கென்று அறிவித்திருப்பதால் மோதல் என்று எழுதியிருந்தது. அதாவது, உண்மையான உணரிகளைத் தன் வசம் வைத்துக்கொண்டு பொய் எண்ணை மட்டும் வெளியே தரும் அதே பயாஸ்தான், டிரைவரையும் உள்ளே விடாமல் தடுக்கிறது.

கெர்னல் ஒதுங்கிக்கொள்வதைக் குறை சொல்லமாட்டேன். அதற்கு வலுவான காரணம் உண்டு. அந்தச் சில்லோடு பேசுவதற்கு இரண்டு வாசல்கள்தான். ஒன்றில் சில்லின் உள்ளே மதிப்புகள் இருக்கும் இடங்களில் எந்தப் பதிவகம் வேண்டும் என்ற எண்ணை எழுத வேண்டும். மற்றொன்றில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். டிரைவர் எண்ணை எழுதிவிட்டு மதிப்பைப் படிப்பதற்குள் பயாஸ் குறுக்கே புகுந்து வேறொரு எண்ணை எழுதிவிட்டால், விசிறியின் சுழற்சியை வெப்பநிலை என்று படிக்க நேரும். எழுதும்போது இது நடந்தால் தவறான இடத்தில் தவறான மதிப்பு போய் விழும். இதைத் தெரிந்துகொண்டுதான், வேறு வழியில்லாமல், ஏசிபிஐ கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அளபுருவை, கெர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் சேர்த்தேன். என் சொந்த மதர்போர்டின் வெப்பத்தை அறிவதற்கு, பாதுகாப்புக்காக வைத்த ஒரு தடுப்பை நானே அகற்ற வேண்டியிருந்தது. இப்படி ஒரு நிலைக்கு வாடிக்கையாளரைத் தள்ளுவது எந்த வகை வியாபாரம்?

தடுப்பை எடுத்ததும் உணரிகள் வந்தன. வந்த கோலத்தைச் சொல்கிறேன். ஒரு வரியில் 127 டிகிரி. எட்டு பிட்டில் குறியோடு அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் அது, எதுவும் இணைக்கப்படாத முனை என்பதன் அடையாளம். இன்னொரு வரியில் பூஜ்யத்துக்குக் கீழே 62. மற்றொன்றில் எப்போதும் மாறாத ஓர் எண். மின்னழுத்த வரிகளில் கீழ் வரம்பும் மேல் வரம்பும் பூஜ்யமாக விடப்பட்டிருந்ததால், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அபாயம் என்ற குறி. இவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று உண்மையான அளவீடுகளும் இருந்தன, ஆனால் எது எதனுடையது என்று சொல்லும் பெயர்கள் இல்லை. சில்லைச் செய்த நிறுவனத்தின் ஏட்டில் முனைகளின் எண்கள் இருக்கும். எந்த முனையிலிருந்து எந்த இடத்துக்குக் கம்பி போகிறது என்பது மதர்போர்டைச் செய்தவருக்கு மட்டுமே தெரியும்.

அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இதே போர்டில், இதே சில்லிலிருந்து, விண்டோஸுக்காக அவர்களே தரும் மென்பொருள் அத்தனை உணரிகளையும் சரியான பெயரோடு காட்டுகிறது. அப்படியென்றால் அந்த அட்டவணை அவர்கள் கையில் இருக்கிறது. அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அதை இணையத்தளத்தில் போடுவதால் எந்த வியாபார இரகசியமும் வெளியேறிவிடாது. நான் பணிவாக எழுதிக் கேட்டபோது வந்த பதில், லினக்ஸ் எங்கள் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்ற ஒற்றை வரி. நான் ஆதரவு கேட்கவில்லை. நான் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கேட்டேன். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் வெப்பப் பசை வாங்கப் போன இடத்தில் இதைச் சொன்னபோது, கடையில் இருந்த இளைஞர் அக்கறையோடுதான், "அண்ணே, ஒருதடவ விண்டோஸ் போட்டுப் பாருங்க, எல்லாம் கரெக்டா காட்டும்" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் கணினி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அறிய இயங்குதளத்தையே மாற்ற வேண்டும் என்பதை ஒரு தீர்வாக நாம் எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே விடுமுறை நாள் முழுவதும் நான் செய்தது இதுதான். ஒவ்வொரு விசிறியின் இணைப்பையும் கழற்றி, எந்த வரி பூஜ்யமாகிறது என்று பார்த்துக் குறித்தேன். பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்து, எந்த எண் சில நொடிகளில் எகிறுகிறது, எது மெல்ல ஏறுகிறது என்று கவனித்தேன். சமையலறையில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் கம்பி வெப்பமானியை, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே செருகி ஒப்பிட்டேன். கண்டுபிடித்த பெயர்களைச் சென்சார்ஸின் அமைவுக் கோப்பில் எழுதி, குப்பை வரிகளைக் காட்டாதே என்று கட்டளையிட்டேன். இரவு பதினொரு மணிக்கு முடிந்தது. இந்த ஒரு மாதிரி போர்டை வாங்கிய ஒவ்வொருவரும், உலகின் ஒவ்வொரு மூலையிலும், இதே வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருக்கிறார்கள்.

வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை என்பதற்கும் சான்று உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசசர்கள் உண்மை வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டிச் சொல்லும்படி அமைக்கப்பட்டவை. விசிறிகள் எல்லா மாதிரியிலும் ஒரே விதமாக நடந்துகொள்வதற்காக அப்படிச் செய்ததாக ஏஎம்டி 2017இல் விளக்கம் தந்தது. எண் தெரிந்ததால் கெர்னல் டிரைவர் அதைக் கழித்துக் காட்டியது, விஷயம் முடிந்தது. மறைக்கப்படும் இடங்களில்தான் தன்னார்வலர்கள் முதுகொடிய உழைக்கிறார்கள். 2020இல் வந்த 5.6 கெர்னலில்தான் சாட்டா இணைப்பில் உள்ள சேமிப்பு வட்டுகளின் வெப்பம் மற்ற உணரிகளோடு சேர்ந்து தெரியும் வசதி வந்தது. அந்த டிரைவரை இன்னும் நாமே நினைவு வைத்து ஏற்ற வேண்டும். 2022இல் வந்த 5.17 கெர்னலில், சில போர்டுகளுக்கு ஏசிபிஐயோடு மோதாமல் வேறு பாதையில் சில்லை அணுகும் வழி சேர்க்கப்பட்டது. அந்த டிரைவரின் மூலநிரலைத் திறந்து பாருங்கள்: போர்டுகளின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றாக, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. சம்பளம் வாங்காதவர்கள் தம் வீட்டில் சோதித்துச் சேர்த்த பெயர்கள் அவை. என் போர்டின் பெயர் அதில் இல்லை.

கடைசியாக, அந்த நான்கு முறையும் கணினி ஏன் அணைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விசிறியைக் கட்டுப்படுத்த நான் எழுதிய சிறு நிரல், உணரிகளுக்காகக் கெர்னல் எண்ணிட்டுத் தரும் அடைவுகளில் எச்டபிள்யூமான்2 என்பதிலிருந்து பிராசசரின் வெப்பத்தைப் படித்தது. 45 டிகிரிக்குக் கீழே இருந்தால் விசிறியை நிறுத்திவிடும். ஒரு கெர்னல் மேம்பாட்டுக்குப் பிறகு டிரைவர்கள் ஏறும் வரிசை மாறி, 2 என்ற எண் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டுக்குப் போய்விட்டது. எஸ்எஸ்டி 41 டிகிரியில் நிம்மதியாக இருந்தது. நிரல் அதைப் பார்த்து விசிறியை நிறுத்தியது. பக்கத்தில் பிராசசர் வெந்துகொண்டிருந்தது. அந்த எண்கள் நிலையானவை அல்ல என்று கெர்னல் ஆவணத்தில் இருக்கிறது, நான் அடைவின் உள்ளே இருக்கும் பெயர்க் கோப்பைப் படித்திருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது, அதைத் திருத்திவிட்டேன். ஆனால் மனிதர் தவறு செய்வார் என்பதற்காகத்தான் கடைசி அரணாக அந்த வெப்ப மண்டலமும் அபாய வரம்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அரண் இருக்க வேண்டிய இடத்தில் 2900 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த நிறுவனத்துக்கு இரண்டாவது முறையாக எழுதியிருக்கிறேன். இம்முறை ஆதரவு என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. சில்லின் முனைகளுக்கு எதிரே வெற்றுக் கட்டங்கள் கொண்ட ஒரு பக்க அட்டவணையை நானே வரைந்து, நான் கண்டுபிடித்த ஐந்தை நிரப்பி, மீதியை நிரப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை காப்பறையின் கதவு திறந்தே இருக்கும், சமையலறை வெப்பமானியும் ஹீட்சிங்கில்தான் இருக்கும். தந்தையாரின் நாடாக்களில் இன்னும் பதினோரு நாடாக்கள் மீதி இருக்கின்றன.