டீ பாட் அப்புறம் வாங்கலாம், முதலில் இலை பறித்த மாதத்தைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் பக்கம் பால் சேர்க்காமல் முழு இலைத் தேயிலை குடிக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வருகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முக்கால்வாசி பாத்திரத்தைப் பற்றித்தான். சீனாவின் யீஷிங் களிமண் பாட் நல்லதா, மூடி போட்ட கைவான் கோப்பை போதுமா, ஜப்பான் இரும்புக் கெட்டில் வாங்கலாமா என்று ஒரு மணி நேரம் போகும். அந்தப் பாத்திரத்துக்குள் போடுகிற இலை எந்த மாதம் பறித்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இது எனக்குச் சரியாகப் படவில்லை. பணத்தை இலைக்குச் செலவு செய்யுங்கள், அதுவும் முதலில் நம்ம நீலகிரி இலைக்கு.

பச்சைத் தேயிலையும் டார்ஜிலிங்கின் முதல் பறிப்பும் (குளிர்காலம் முடிந்து வருகிற முதல் தளிர்) ஒரு வருஷம் தாண்டினாலே மணம் இறங்கிவிடும். கறுப்புத் தேயிலை கூடுதலாகத் தாங்கும், அதுவும் காற்றுப் புகாமல் வைத்தால்தான். இப்படியிருக்க, இணையத்தில் விற்கிற பல பேர் அழகான டப்பாவில் 'பேக் செய்த தேதி' மட்டும் போடுகிறார்கள். பேக் செய்த தேதி என்பது மூட்டையிலிருந்து டப்பாவுக்கு மாற்றிய நாள், அவ்வளவுதான். ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த முதல் பறிப்புத் தேயிலை போன மாதம் பேக் ஆனது, குடித்தால் வைக்கோல் வாசம். எப்போது பறித்தது என்று எழுதிக் கேட்டேன். பதிலுக்கு ஒரு தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அந்தக் கடைப்பக்கம் நான் அப்புறம் போகவே இல்லை.

எஃப்டிஜிஎஃப்ஓபி-1 என்று டப்பாவில் நீளமாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த எழுத்துகள் இலையின் அளவையும் தோற்றத்தையும் தளிர் மொட்டு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையும்தான் சொல்லும், ருசிக்கு உத்தரவாதம் இல்லை. டார்ஜிலிங் வாங்கினால் தோட்டத்தின் பெயர் இருக்கிறதா, தேயிலை வாரியம் கொடுக்கிற, பெண் கையில் தளிர் பிடித்திருக்கும் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புவிசார் குறியீடு வாங்கிய முதல் இந்தியப் பொருள் டார்ஜிலிங் தேயிலைதான். அப்படியிருந்தும் நேபாளத்து இலையை டார்ஜிலிங் என்று விற்கிறார்கள் என்று அந்தத் தோட்டக்காரர்கள் வருஷக்கணக்காகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நேபாள இலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல இலை நிறைய வருகிறது, அதை அதன் பெயரிலேயே விற்கட்டும்.

இப்போது நீலகிரிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீலகிரித் தேயிலை என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் டஸ்ட் டீதான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே உற்பத்தியில் பெரும்பங்கு சிடிசி, அதாவது இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குவது. பாலில் நன்றாக இறங்கும், நிறம் உடனே வரும், டீக்கடைக்கு அதுதான் சரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே காலையில் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் அதே மலையில் இலையை வாட்டி, முறுக்கி, முழுசாகவே பக்குவப்படுத்துகிற ஆர்த்தடாக்ஸ் தேயிலையும் வருகிறது. நீலகிரியில் வருஷம் முழுக்கப் பறிப்பு உண்டு என்றாலும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறிப்பது தனி ரகம். இரவில் உறைபனி இறங்கும், செடி மெதுவாக வளரும், அந்தத் தளிரில் மணம் கூடிவிடும். குளிர்கால இலை, உறைபனித் தேயிலை என்றெல்லாம் சொல்லி விற்பது இதைத்தான். எதிர்வீட்டு ஆச்சிக்குப் பால் இல்லாத டீ என்றாலே ஆகாது, அவர்களுக்கு ஒரு சின்ன டம்ளரில் இதை ஊற்றிக் கொடுத்தேன். "என்னமோ பூ வாசம் வருதேப்பா, சீனி போடாமலே குடிக்கலாம் போல இருக்கே" என்றார்கள்.

இன்னொன்று, நம்ம வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை இல்லை. பல தேயிலைகள் ஆறினால் கலங்கிப் போகும், நீலகிரி ஐஸில் வைத்தாலும் தெளிவாக இருக்கும் என்று பேர் வாங்கியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 8 முதல் 10 கிராம் இலையைப் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வடிகட்டினால் கசப்பே இல்லாத டீ. சித்திரை, வைகாசியில் என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மோருக்குப் பதில் இதுதான்.

நம் பகுதிக்கும் தேயிலைக்கும் உள்ள தொடர்பையும் கொஞ்சம் யோசியுங்கள். இலங்கையில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலைத் தோட்டம் போட்டபின் அந்த மலைகள் முழுக்கத் தேயிலையானது. அங்கே வேலைக்குப் போனவர்கள் நம்ம பக்கத்து மாவட்டங்களின் ஏழை ஜனங்கள், அதே தீவில் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் நகரத்தார். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் பல லட்சம் தமிழர்கள் திரும்பி வர வேண்டியதானபோது, அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள், அதுதான் இன்றைய டான்டீ. கானாடுகாத்தான் வீடுகளில் பர்மா தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் காட்டிப் பெருமைப்படுகிற நாம், இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? இன்றைக்கும் அந்த மலையில் சிறு விவசாயிகள் பச்சை இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல இலையைத் தோட்டத்தின் பெயர் கேட்டு வாங்குகிற ஆட்கள் உள்ளூரில் கூடினால், நல்ல இலை பறிக்கிறவர்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

விலை கூடுதல் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் போதும், 100 கிராமில் 40 கோப்பை. 100 கிராம் 400 ரூபாய் என்றாலும் கோப்பைக்கு 10 ரூபாய்தான், அதே இலையில் இரண்டாவது முறையும் ஊற்றலாம்.

அடுத்தது தண்ணீர். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது, அதில் போட்டால் இலையின் குணம் அப்படியே வரும். உப்புக் கடினமான போர் தண்ணீரில் போட்டால் மேலே ஏடு மாதிரி படியும், நிறம் மங்கும், எவ்வளவு உசத்தி இலையும் அங்கே செத்தது. எல்லாச் சத்தையும் உறிஞ்சி எடுத்த ஆர்ஓ தண்ணீரும் சப்பென்று இருக்கும்.

கொதிநிலை விஷயத்தை யாருமே பேசுவதில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நமக்கு இங்கே கிட்டத்தட்ட 100. தோட்டத்தில் ருசி பார்த்துப் பிடித்துப்போய் வாங்கி வந்த இலை வீட்டில் கசக்கிறது என்றால் விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால், கொதித்ததும் இறக்கி ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றிப் பாருங்கள். பச்சைத் தேயிலைக்கு இன்னும் ஆற வேண்டும், 75, 80 டிகிரி போதும்.

வைக்கிற இடமும் முக்கியம். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும், நம்ம சமையலறையில் பட்டை, கல்பாசி, வறுத்த மிளகாய்ப் பொடி எல்லாம் ஒரே அலமாரியில். தயவுசெய்து டீயை வேறு அறையில், வெளிச்சம் படாத டின்னில் வையுங்கள்.

இரண்டு கடை இலையை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பீங்கான் கோப்பை, ஒரே எடை, ஒரே நேரம். இதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது, 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிஷம். குடிக்க அது கடுப்பாக இருக்கும், ஆனால் குறை இருந்தால் ஒளிய முடியாது. டப்பாவை மறைத்துவிட்டு வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்தில் இப்படிச் செய்தபோது விலை கூடின டார்ஜிலிங்கைத் தள்ளிவிட்டு நீலகிரி குளிர்கால இலையைத்தான் பெரும்பாலானவர்கள் எடுத்தார்கள்.

சரி, பாத்திரம் வாங்கியே தீருவேன் என்றால் வெள்ளைக் கைவான் வாங்குங்கள், 100, 120 மில்லி போதும். யீஷிங் பாட்டுக்குப் பூச்சு கிடையாது, வாசம் உள்ளே ஊறும், ஒரு வகைத் தேயிலைக்குத்தான் ஒதுக்க வேண்டும், போதாததற்குப் போலி ஏராளம். உள்பக்கம் பூச்சில்லாத ஜப்பான் இரும்புக் கெட்டில் தண்ணீர் காய்ச்சத்தான், அதில் இலை போட்டால் டீ கறுத்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதிப் பழைய சாமான் கடைகளில் எனாமல் கெட்டில்களைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும், வாங்கி அலமாரியில் வையுங்கள். பழைய எனாமலில் ஈயம், காட்மியம் இருக்கலாம், பூச்சு உதிர்ந்தது என்றால் அதில் டீ போடவே வேண்டாம்.

இந்தக் குளிர்கால இலை பிப்ரவரி, மார்ச் வாக்கில் கடைகளுக்கு வரும். நல்ல இடம் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள், தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் சேர்த்து. மாதம் சொல்லாத கடையை இங்கே பரிந்துரைக்க வேண்டாம்.