கிசான் கால் சென்டரில் இந்தி தெரியாவிட்டால் பேச முடியாதா?

"1800-180-1551-க்குப் போன் செய்தால் இந்தியில்தான் பதில் வரும், பட்டா எண் இல்லாதவர்களுக்கு ஆலோசனை கிடையாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்த எண் கிசான் கால் சென்டருடையது; விவசாயிகளுக்குப் போனில் ஆலோசனை சொல்ல 2004 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் தொடங்கிய சேவை இது. 22 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் உண்டு. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, ஞாயிறு உட்பட எல்லா நாளும் பேசலாம். கட்டணம் கிடையாது. எடுப்பவர் வேளாண்மை அல்லது அதைச் சார்ந்த படிப்பில் பட்டம் பெற்றவர். அவருக்கும் பிடிபடாத கேள்வியென்றால் மேல்நிலை வல்லுநரிடம் இணைப்பைக் கொடுப்பார்.

சரி, பட்டா? பெயர், மாவட்டம், வட்டாரம், என்ன பயிர் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள், அவ்வளவுதான். குத்தகைக்கு உழுபவரும் கேட்கலாம், மாடியில் நாலு தொட்டியில் கத்தரி வைத்திருப்பவரும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் உண்மை: போனில் இலையைக் காட்ட முடியாது. அதனால் புள்ளி என்ன நிறம், இலையின் அடியிலா மேலேயா, கடைசியாக எந்த மருந்து அடித்தீர்கள் என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம், ஆலோசனை சொல்ல ஓடிபி தேவையில்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.