டெஸ்டர் ‘குட்’ காட்டினால் கடலுக்குப் போகலாமா?

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கையடக்க டெஸ்டரைப் பற்றரியில் மாட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அண்ணா, இன்னும் ஓடும்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். காருக்கு அது சரி. முகத்துவாரத்திலிருந்து கடலுக்குப் போகிற படகுக்கு அந்த ஒரு சொல் போதாது.

அந்தச் சின்னக் கருவி, பற்றரி எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அளப்பதே இல்லை. உள்ளே தடை எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து சிசிஏ என்ற எண்ணைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அந்த எண்ணின் பொருளே மைனஸ் 18 பாகை செல்சியஸ் குளிரில் 30 விநாடிக்கு எத்தனை அம்பியர் தரும் என்பதுதான். கொழும்பில் யாருக்கு வேண்டும் அது? எஞ்சின் கடலில் நின்றுபோனால் சார்ஜ் ஏறாது. ரேடியோ, ஜிபிஎஸ், லைட் எல்லாம் பற்றரியை மட்டுமே நம்பி இருக்கும். அப்போது பார்க்கவேண்டியது அம்பியர் மணி, அதாவது எத்தனை அம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு. கொள்ளளவு பாதியாகிவிட்ட டீப் சைக்கிள் பற்றரிகூட (நீண்ட நேரம் மெல்ல மெல்ல வடியவிட்டுப் பாவிக்கிற வகை) டெஸ்டரில் ‘குட்’ என்று வரலாம். என் கவலையெல்லாம் இதுதான்.

டெஸ்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, முனைகளைச் சுத்தம் செய்த பிறகும் ‘மாற்று’ என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம். சார்ஜ் இறங்கிய பற்றரியில் மாட்டினால் நல்லதையும் கெட்டது என்று சொல்லிவிடும்.

உண்மை தெரியவேண்டும் என்றால் பற்றரியை வடியவிட்டுத்தான் பார்க்கவேண்டும். 100 அம்பியர் மணி பற்றரி என்றால், 60 வாட் 12 வோல்ட் பல்பு ஒன்றை அதில் மாட்டி எரியவிடுங்கள். ஏறக்குறைய 5 அம்பியர் இழுக்கும். புதுப் பற்றரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரம் எடுக்கும். 10 மணி நேரத்திலேயே இறங்கினால் கொள்ளளவில் பாதி போய்விட்டது. 80 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே மாற்றுகிற வேளைதான். சோதனை முடிந்த கையோடு மறுபடி சார்ஜ் போடுங்கள், வெறுமையாய் வைத்தால் தகட்டில் சல்பேற் இறுகிவிடும்.

தண்ணி ஊற்றுகிற பற்றரிக்கு, உள்ளே இருக்கிற அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரும் உதவும், விலையும் குறைவு. முழுச் சார்ஜில் அது 1.265 பக்கம் நிற்கவேண்டும். பற்றரிக்குள் இருக்கிற ஓர் அறை (செல்) மற்றதைவிட 0.050 குறைந்தால் அந்த அறை கெட்டுவிட்டது. டெஸ்டர் எந்த அறை என்று காட்டாது.

அப்புறம், இணையாகக் கட்டிய இரண்டு பற்றரி இருந்தால் கழற்றித் தனித்தனியாகச் சோதியுங்கள். சேர்த்து அளந்தால் நல்ல பற்றரி கெட்ட பற்றரியை மறைத்துவிடும்.