தூரிகையின் தயக்கத்தைக் கேமரா அழித்துவிடுகிறது

சீன எழுத்துக்கலையில் ஒரு படுக்கைக்கோடு எப்படி விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வலப்பக்கம் போக வேண்டிய தூரிகை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் நகரும். முனையை உள்ளே மறைத்து, லேசாக அழுத்தி, அப்புறம்தான் வலப்பக்கம் கிளம்பும். முடிகிற இடத்தில் நின்று, அழுத்தி, வந்த வழியே சற்றுத் திரும்பி எழும். தேர்ந்தவர் எழுதும்போது தோள், முதுகு, மூச்சு எல்லாமே அந்த ஒரு கோட்டில் இருக்கும்.

கையை வீசினால் திரையில் மை ஓடும் டிஜிட்டல் படைப்புகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். 2010-இல் உடல் அசைவைப் படிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கருவி வந்த பிறகு, மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதை நொடிக்கு 30 தடவை சொல்லும் கேமரா எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. ஆனால் அதன் அளவீடு நடுங்கும். அந்த நடுக்கத்தை மறைக்க மென்பொருள் சின்ன அசைவுகளைச் சராசரியாக்கி வழவழப்பாக்குகிறது. தூரிகை இடப்பக்கம் பின்வாங்கியதும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. திரையில் அழகான கறுப்பு நாடா ஒன்று ஓடுகிறது, அவ்வளவுதான்.

உடலும் தூரிகையும் நெடுங்காலமாக ஒட்டி வாழ்ந்தவை. கோங்சுன் என்ற பெண்ணின் வாள் நடனத்தைப் பார்த்த பிறகே எழுத்துக்கலைஞர் சாங் ஷூவின் ஓட்ட எழுத்து மெருகேறியது என்று சீனாவின் தாங் அரச காலத்துக் கவிஞர் து ஃபூ எழுதிவைத்திருக்கிறார்.

தைவானின் கிளவுட் கேட் நடனக் குழுவுக்காக லின் ஹ்வாய்-மின் 2001 முதல் 2005 வரை எழுத்துக்கலையை வைத்து மூன்று படைப்புகள் செய்தார். மூன்றாவதில், மேலிருந்து தொங்கும் நீளமான தாள்களில் மை மெதுவாக வழிந்து இறங்கும்; ஆடுபவர்கள் அதன் நடுவே ஆடுவார்கள். யார் கையையும் அந்த மை பின்தொடர்வதில்லை, தன் போக்கில் இறங்குகிறது. ஆனாலும் உடலுக்கும் மைக்கும் ஒரே மூச்சு என்றே எனக்குத் தோன்றும்.

ஜப்பானின் டீம்லேப் என்ற டிஜிட்டல் கலைக் குழு, தூரிகைக் கோட்டின் ஆழம், வேகம், விசை மூன்றையும் முப்பரிமாண வெளியில் மறுபடி கட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. அதே குழுவின் 2011 படைப்பு ஒன்றில், பார்வையாளரின் நிழல் பட்டதும் எழுத்து தான் குறிக்கும் பொருளின் காட்சியாக விரியும். மயக்கும் காட்சிதான், ஆனால் எழுதும் உடலுக்கு அங்கே வேலை இல்லை.

இத்தகைய படைப்புகள் செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மை உறிஞ்சும் தாளில் விழுந்த கோட்டை யாரும் திரும்பப் பெற முடியாது. அடுத்தவர் வரிசையில் நிற்கிறார் என்பதற்காகத் திரையைத் துடைக்காதீர்கள். முன்னால் வந்தவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில்தான் நானும் எழுத வேண்டும் என்றால், கையைத் தூக்கும் முன்பே என் உடம்பு யோசிக்கத் தொடங்கிவிடும்.