ஸ்டெம் செல் பவுடரும் தவறணைக் குச்சியும்

ஹட்டன் பக்கம் இப்போது லயத்துக்கு லயம் 'ஸ்டெம் செல் பவுடர்' ஏறி இறங்குகிறது. ஸ்டெம் செல் என்றால் வேறு வகைக் கலங்களாக வளரக்கூடிய மூலக் கலம். வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் முழங்கால் தேய்மானம் சரியாகுமாம், சீனி இறங்குமாம், கண் தெளியுமாம். ஒரு பெட்டி வாங்கக் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவின் அரை மாதச் சம்பளம் போகும். ஆள் சேர்த்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. விற்கிற தம்பிமார் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களையும் யாரோ ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நோபல் பரிசு வாங்கிய ஜப்பான்காரர் ஒருவரும் இருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அவர் ஷின்யா யமனாக்கா, கியோத்தோ பல்கலைக்கழகத்துக்காரர். அவர் செய்ததை உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் தோல் கலத்திலும் நரம்புக் கலத்திலும் கல்லீரல் கலத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தோலான கலம் கடைசிவரை தோல்தான், திரும்பிப் போக வழியில்லை என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். 1962இல் இங்கிலாந்தில் ஜோன் கேர்டன் ஒரு தலைப்பிரட்டையின் குடல் கலத்திலிருந்து கருவை, அதாவது மரபணுக்கள் இருக்கிற பகுதியை, எடுத்து, கரு நீக்கிய தவளை முட்டைக்குள் வைத்தார். முட்டை பிரிந்து தலைப்பிரட்டைகள் வளர்ந்தன. முதிர்ந்த கலத்தின் கருவில் பழைய பாடம் அழியவில்லை என்று அப்போது தெரிந்தது. 1996இல் டொலி என்ற செம்மறி பிறந்ததும் இதே வழியில்தான். ஆனால் இதற்கெல்லாம் முட்டை வேண்டும்.

முட்டையே இல்லாமல் முடியுமா என்று யமனாக்காவும் அவரோடு வேலை செய்த கசுத்தோஷி தக்காஹாஷியும் பார்த்தார்கள். 24 மரபணுக்களைத் தெரிந்தெடுத்து எலியின் கலங்களுக்குள் மொத்தமாகச் செலுத்தியபோது சில கலங்கள் ஸ்டெம் செல் நிலைக்குத் திரும்பின. சரி, இத்தனையும் தேவையா? ஒவ்வொரு தடவையும் ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நான்கே போதும் என்று நின்றது. 2006இல் எலியில், 2007இல் மனிதக் கலத்தில். 2012இல் கேர்டனுக்கும் யமனாக்காவுக்கும் சேர்த்து நோபல் பரிசு. அந்த நான்கில் ஒன்றான சி-மிக் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதை மண்டபத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலையகத்தில் இதைப் புரியவைப்பது லேசு. தேயிலை நாற்று வளர்க்கிற தவறணையில் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சின்னக் குச்சியைப் பொலித்தீன் பையில் நடுகிறோம். தண்டாக இருந்த இடத்திலிருந்து வேர் வருகிறது. பிறகு அது முழுச் செடி. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த 'டி.ஆர்.ஐ. 2025' என்ற ரகம் மலை மலையாய் நிற்பது இப்படித்தான், ஒரு தாய்ச் செடியின் பிரதிகளாக. செடிக்கு இயல்பாக வருகிற இந்த வித்தையை நம் கலங்களுக்குள் வரவழைக்கத்தான் அந்த நான்கு மரபணுக்கள் தேவைப்பட்டன. ஆனால் குச்சியிலிருந்து வருவது தேயிலைதான். அது யாருடைய முழங்காலாகவும் மாறாது.

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அப்பிள் ஸ்டெம் செல், திராட்சை ஸ்டெம் செல். அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'இது எந்த நோயையும் குணப்படுத்தும் மருந்தல்ல' என்று ஆங்கிலத்தில் மட்டும். உயிரோடு இருக்கிற கலத்தையே விழுங்கினாலும் இரைப்பை அமிலமும் நொதியங்களும் அதை உடைத்து அமினோ அமிலமும் சீனியுமாக ஆக்கிவிடும். அப்பிள் வாங்கிக் கடித்துத் தின்றால் செலவாவது குறையும்.

உண்மையான வேலை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதையும் பாருங்கள். 2014இல் கோபே நகரில் கண் மருத்துவர் மசாயோ தக்காஹாஷியின் குழு, எழுபது வயது தாண்டிய ஒரு பெண்ணின் தோல் கலத்தை யமனாக்கா வழியில் திருப்பி, விழித்திரைக்கான மெல்லிய படலமாக வளர்த்து அவர் கண்ணிலேயே வைத்தது. பார்வை மேலும் மங்காமல் நின்றது, அவ்வளவுதான். அடுத்த நோயாளிக்கும் கலங்கள் தயாராக இருந்தன. சோதித்தபோது மரபணுவில் மாற்றங்கள் தெரிந்ததால் சிகிச்சையையே நிறுத்தினார்கள். இத்தனை வருடப் படிப்போடு இருந்தவர்கள் சந்தேகம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பவுடருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

சீனி வருத்தத்திலும் நல்ல செய்தி உண்டு. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் கலங்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2025இல் முடிவு வந்தது. அவர்களுக்கு இருந்தது இன்சுலின் சுரக்கும் கலங்களே அழிந்துபோகிற முதலாம் வகைச் சீனி. உடம்பு அந்தக் கலங்களைத் தாக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் எடுக்க வேண்டும். நம் லயங்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டாம் வகை. கணக்கே வேறு.

ஸ்டெம் செல்லே பொய் என்றும் ஓடிவிடாதீர்கள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை ஸ்டெம் செல் சிகிச்சைதான். இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள், இலங்கையிலும்தான். பொருத்தமான கொடையாளி, ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். பெட்டியில் போட்டு வீட்டு வாசலில் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

வாங்குகிறவர்களை முட்டாள்கள் என்று சிலர் கமெண்டில் எழுதுகிறார்கள். எழுதுங்கள், முதலில் முப்பது வருடம் சரிவில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. விடியற்காலை பஸ், நம்பர், வரிசை; டொக்டர் முகம் பார்க்கிற நேரம் ஒரு நிமிஷம். பவுடர் விற்கிறவரோ வீட்டுக்கே வந்து, பிளேன்டீ குடித்து, முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் பாதிக் காசு போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் பயம் காசைப் பற்றி மட்டுமல்ல. பவுடர் குடிக்கிறோம் என்று சீனிக்கான மெட்ஃபோமின் குளிசையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்தக் கிழமையே டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ சீனி பார்த்துவிடுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள், நிறுத்தியதை டொக்டரிடம் மறைக்காதீர்கள், பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை. பவுடர் பெட்டியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.